இருபத்தாறாவது தாள்

அப்பாவின் நடுவிரலில் இருந்த மைக்கறை போகவில்லை. குழல்வாய்மொழி துணியை மறுபடி நனைத்துத் தேய்த்தாள். விரல் அதற்குள் விறைக்கத் தொடங்கியிருந்தது. தேய்க்கத் தேய்க்கக் கை முழுவதும் அசைந்தது, போதும் என்று அவர் சொல்வதுபோல.

"விடுட்டி. அவங்க நீர்மாலை எடுத்துட்டு வரட்டும். குளிப்பாட்டும்போது போயிரும்" என்றாள் பேராச்சி அத்தை, அப்பாவின் தங்கை. "எலுமிச்சம்பழம் இருந்தா தேய்ச்சுப் பாக்கலாம். ஒண்ணுகூடவா இல்ல?"

"இருந்ததையெல்லாம் நேத்துதான் ஊறுகாய்க்கு நறுக்கினேன், அத்தை."

மனுக் கொண்டுவருகிறவர்கள் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தோடுதான் வருவார்கள். வெறுங்கையோடு எம்.எல்.ஏ.வைப் பார்க்கக்கூடாதாம். வேறு எதைக் கொண்டுவந்தாலும் அப்பா சிவசைலம் பிள்ளை வாங்கமாட்டார் என்று தென்காசி வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் ஊறுகாய்க்கு மட்டும் பஞ்சம் வந்ததில்லை.

நாற்பத்தாறில் முதல் தடவை ஜெயித்தவர். அதன்பிறகு நடந்த மூன்று தேர்தலிலும் ஜெயித்தார். அறுபத்து நாலு ஆனி மாதம் இருபத்தைந்தாம் தேதி காலை, காப்பி குடித்துவிட்டு மேசைமுன் உட்கார்ந்து கையெழுத்துகளைப் போட்டு முடித்தார். பேனாவை மூடி வைத்தார். குழல்வாய்மொழி காலி டம்ளரை எடுக்கப் போனபோது நாற்காலியில் சாய்ந்திருந்தார். சாயங்கால ரயிலில் சட்டசபைக்குக் கிளம்ப வேண்டியவர். பெட்டி கூடத்தில் கட்டி வைத்தபடி இருந்தது.

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. தெருவில் குடைகள் கூடிவிட்டன. பாவூர்சத்திரத்திலிருந்தும் புளியங்குடியிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஆண்கள் சிலர் குடங்களோடு சிற்றாற்றுக்கு நீர்மாலை எடுக்கப் போயிருந்தார்கள். அந்தத் தண்ணீர் வந்த பிறகுதான் குளிப்பாட்டு.

திருநெல்வேலியில் வக்கீலாக இருக்கும் அண்ணன் தில்லைநாயகம் பதினோரு மணிக்குக் காரில் வந்து சேர்ந்தான். அப்பாவின் காலடியில் சற்று நேரம் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து மேசைப் பக்கம் வந்தான்.

"ஏட்டி குழல், இதென்ன? எல்லாம் கையெழுத்துப் போட்ட வெத்துத் தாளால்லா இருக்கு?"

"ஆமா."

"இன்னுமா இந்தப் பழக்கத்த விடல?"

அப்பா மெட்ராஸ் போகும்போதெல்லாம் தம் பெயர் அச்சடித்த தாள்கள் இருபத்தைந்தில் கீழே கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போவார். அவர் ஊரில் இல்லாத நாட்களில் வருகிறவர்களுக்குக் குழல்வாய்மொழி மேலே எழுதிக்கொடுப்பாள். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே தாலியை இழந்து அவள் இந்த வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து, ஒன்பது வருஷமாக அதுதான் அவள் வேலை. கையெழுத்து எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். எந்தச் செய்தியானாலும் பதினொரு வரியில் அதன் தலைமேல் வந்து முடிய வேண்டும். மடை உடைந்த குளம், ஆஸ்பத்திரியில் படுக்கை, சீசனுக்குக் குற்றாலத்தில் அறை கேட்கும் மெட்ராஸ் அதிகாரி, எல்லாமே பதினொரு வரிதான். "மெட்ராஸ்காரனுக்கு அருவியக் காட்டுனாத்தான் நம்ம குளத்துக்கு மடை கெடைக்கும்" என்பார் அப்பா, சிரிக்காமல்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். 'இவரை எனக்கு நேரில் தெரியும்' என்ற வரியைச் சும்மா எழுதக்கூடாது. வந்தவரை உட்காரவைத்து ஊர், பேர், கூடப் பிறந்தவர்கள், எதற்காகக் கேட்கிறார் என்பதையெல்லாம் விசாரித்த பிறகே எழுத வேண்டும். "நீ பாத்தா நான் பாத்த மாதிரி" என்பார்.

தில்லைநாயகம் தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகக் கிழித்தான். துஷ்டி வீட்டில் அடுப்பு எரியவில்லை. எரிந்திருந்தால் அதில் போட்டிருப்பான்.

"ஒனக்கு வெவரம் தெரியாது. செத்துப்போனவங்க கையெழுத்து வெளிய கெடந்தா, எவனாவது மேல பத்திரம் எழுதிருவான். அப்புறம் கோர்ட்டுல போய் நிக்கணும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. அவள் காகிதம் கிழியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துக்கு நடுவே கிழித்தான். சிவ ஒரு பக்கமும் சைலம் ஒரு பக்கமுமாகக் கூடைக்குள் விழுந்தன.

"இருபத்தஞ்சுதான போடுவாங்கன்னு சொல்லுவ? இருபத்தாறுல்லா இருந்தது."

"இருபத்தாறுதான்" என்றாள். ஏழு வருஷமாகவே இருபத்தாறுதான். அவள் குனிந்து கூடையை மேசைக்கு அடியில் தள்ளினாள்.

"வயசாயிட்டுல்லா, கணக்குத் தப்பியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, கட்சிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள் என்று வாசலுக்குப் போனான்.

அப்பாவுக்குக் கணக்குத் தப்பாது. தப்பியதே இல்லை.

பின்வாசலில் யாரோ இருமினார்கள். மாட்டுக் கொட்டடி ஓரத்தில் நாற்பது வயதிருக்கும் ஒருத்தி நனைந்துகொண்டு நின்றாள். கையில் எலுமிச்சம்பழம். அவளுக்குப் பின்னால் நீலப் பாவாடையும் தாவணியுமாக ஒரு பெண், நெஞ்சோடு ஒரு பையை அணைத்துக்கொண்டிருந்தது.

"எம்மா, நான் மாடத்தி. சொரண்டைக்குப் பக்கத்துல. இது எம்மவ தங்கபுஷ்பம்" என்றாள். "நாங்க முன்னால ஒரு மணிநேரமா நின்னோம் தாயி. கூட்டத்தப் பாத்து, எல்லாரும் மனுக் குடுக்க வந்தவுகன்னு நெனச்சிட்டேன். எப்பவும் கூட்டமாத்தான இருக்கும்? வரிசை எங்கன இருக்குன்னு ஒரு அண்ணாச்சிகிட்டக் கேட்டேன். அவரு ஏசிப்போட்டாரு."

குழல்வாய்மொழிக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. அப்பாவிடம் சொன்னால் ரசிப்பார் என்று தோன்றியதும் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன காரியமா வந்தீய?"

"ஒண்ணுமில்ல தாயி. இந்த நேரத்துல அதப் போயிப் பேசப்பிடாது. சாமிய ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதோம்."

"சொல்லுங்க."

மாடத்தி மகளைப் பார்த்தாள். மகள்தான் பேசியது. "டீச்சர் டிரெயினிங்குக்கு நாளைக்கு இன்டர்வியூ, அக்கா. நன்னடத்தைக் கடுதாசி ஒண்ணு கொண்டாரச் சொல்லியிருக்காங்க. பெரிய ஆளு யாராவது எழுதினதா இருக்கணுமாம்."

"ஊரு முன்சீப்புகிட்டக் கேட்டேன்" என்றாள் மாடத்தி. "களை பறிக்கவ மவளுக்கு வாத்திச்சி வேலை கேக்குதோன்னாரு. அவரு மவ ரெண்டு தடவ எழுதியும் பாஸாவல. அந்த எரிச்சல்."

"எம்மா, சும்மா இரு" என்றது பெண்.

குழல்வாய்மொழி மேசைக்கு அடியில் இருந்த கூடையைப் பார்த்தாள். பிறகு தன் அறைப் பக்கம் பார்த்தாள்.

அறையில் அவளுடைய தகரப்பெட்டி இருந்தது. பெட்டியின் அடியில், கல்யாணச் சேலைக்குக் கீழே, ஒரு தாள்.

ஐம்பத்தேழில் அவளும் டீச்சர் டிரெயினிங்குக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அப்போது வயது இருபத்து மூன்று. அப்பாவிடம் கடிதம் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீ எம்மவ. ஒனக்கு நான் எழுதினா அது சிபாரிசு இல்லம்மா, திருட்டு." அந்த வாரம் அவர் மெட்ராஸ் போனதும் இருபத்தைந்து தாள்களில் ஒன்றை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

எழுத உட்காரவும் செய்தாள். ஊராருக்கெல்லாம் எழுதிக்கொடுத்த கை. இரண்டாவது வரி வந்ததும் நின்றுவிடும் என்று எழுதுவதற்கு முன்பே தெரிந்தது. 'குழல்வாய்மொழியை எனக்கு நேரில் தெரியும்.' தெரியுமா? வருகிறவர்களிடம் கேட்கச் சொன்ன கேள்விகளில் ஒன்றையாவது அவர் தன்னிடம் கேட்டதுண்டா என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்ததில் கடைசித் தேதி போய்விட்டது. தாள் வெறுமையாகவே பெட்டிக்குள் போனது.

ஊருக்குத் திரும்பியதும் அப்பா மிச்சத் தாள்களை எண்ணினார். எழுதிக்கொடுத்ததற்கு அவள் வைத்திருந்த பட்டியலோடு ஒப்பிட்டார். ஒன்று குறைந்தது. தலைநிமிர்ந்து அவளைப் பார்த்தார். கேட்கட்டும் என்று அவள் நின்றாள். அவர் மேசை இழுப்பறையைச் சாத்தினார். அடுத்த தடவையிலிருந்து இருபத்தாறு. ஊராருக்கு எழுதியது போக, அந்தக் கூடுதல் ஒன்று ஒவ்வொரு தடவையும் மிஞ்சியது. மிஞ்சியதை அவள் ஒழுங்காகத் திருப்பிக்கொடுத்தாள். ஏழு வருஷம். இப்போது அவளுக்கு முப்பது வயது. இனி எந்தப் பயிற்சிப் பள்ளியும் அவளைச் சேர்க்காது. இருந்தும் எத்தனையோ இரவுகள் அந்தத் தாள் இருக்கிறது என்ற நினைப்பில்தான் அவள் தூங்கினாள். சற்றுமுன் அண்ணன் எல்லாவற்றையும் கிழித்துப் போட்ட பிறகு, அவர் கை அந்த வீட்டில் மிச்சமிருப்பது அதில் மட்டும்தான்.

"உள்ள வாங்க" என்றாள்.

இருவரையும் மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்காரச் சொன்னாள். மாடத்தி உட்காரத் தயங்கினாள். "உக்காருங்க. நின்னுக்கிட்டிருந்தா நான் எழுதமுடியாது."

பெட்டியைத் திறந்து தாளை எடுத்துவந்தாள். ஓரம் பழுத்திருந்தது. கையெழுத்து நேற்றுப் போட்டதுபோல இருந்தது.

"கூடப் பிறந்தவங்க எத்தன பேரு?"

"ரெண்டு தம்பி, ஒரு தங்கச்சி."

"எதுக்கு டீச்சராகணும்?"

தங்கபுஷ்பம் பையின் வாரைத் திருகியது. "எங்கூர்ப் பள்ளிக்கூடத்துல ஒரே வாத்தியாரு. அவரு பிள்ளைகள அடிக்கும்போது காதுலயே அடிக்காரு. எந்தம்பிக்கு ஒரு காது கேக்காது." வாரை விட்டுவிட்டு நிமிர்ந்தது. "நான் அடிக்கமாட்டேன்."

குழல்வாய்மொழி அப்பாவின் பேனாவைத் திறந்தாள். காலையில் அவர் அழுத்தி மூடியிருந்த மூடி, திருகத் திருகத்தான் வந்தது. முதலில் தேதி. நேற்றைய தேதியைப் போட்டாள். நேற்று அவர் இருந்தார்.

முதல் வரியை எழுதினாள். இரண்டாவது வரியில், 'தங்கபுஷ்பத்தை எனக்கு நேரில் தெரியும்' என்று எழுதினாள். கை நிற்கவில்லை. பதினோராவது வரி கையெழுத்தின் தலைமேல் வந்து முடிந்தது. ஊதி ஆறவைத்து, மடித்து, பெண்ணிடம் கொடுத்தாள்.

மாடத்தி எழுந்து நின்று கடிதத்தைப் பார்த்தாள், நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தவரைப் பார்த்தாள். பிறகு எலுமிச்சம்பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு, அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டாள். அப்பாவையா, தன்னையா என்று குழல்வாய்மொழிக்குத் தெரியவில்லை.

"மழைல நனஞ்சிராம" என்று மட்டும் சொன்னாள். பெண் பையிலிருந்த சோற்றுத் தூக்குவாளிக்குள் கடிதத்தை வைத்து மூடியது.

தெருமுனையில் சங்கு ஊதியது. நீர்மாலை வந்துவிட்டது. ஆண்கள் குளிப்பாட்டினார்கள், புதுக் கதர் வேட்டி உடுத்தினார்கள், கட்சிக்கொடி போர்த்தினார்கள். வாசலில் ஒருவர், "இனி தில்லைநாயகம்தான் எலெக்சன்ல நிக்கணும்" என்று சொல்ல, இன்னொருவர், "ஓய், முதல்ல அவர எடுக்கட்டும்" என்று அதட்டினார். குழல்வாய்மொழி சுவரில் சாய்ந்து நின்றாள். அப்பாவின் நடுவிரலை எட்டிப் பார்த்தாள். வெளுத்திருந்தது. கறை இல்லை.

"பொம்பளைக வாய்க்கரிசி போட வாங்க. நேரமாகுது" என்று குரல் வந்தது.

வாய்க்கரிசிச் சுளகை நீட்டிய பேராச்சி அத்தை, குழல்வாய்மொழியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏட்டி, ஒங்கையிலயும் மையா? காலைலருந்து அவரத் தேய்ச்சு அப்பிக்கிட்டியா? அந்தா மேசைல பழம் இருக்குல்லா, தேய்ச்சுக் கழுவிட்டு வா."

"இருக்கட்டும் அத்தை."

அவள் அரிசியை அள்ளினாள். நனைத்த அரிசி. குனிந்து அப்பாவின் வாயருகே மூன்று தடவை போட்டாள். வெள்ளை மணிகள் உதட்டிலும் மோவாயிலும் சிதறின. அவற்றில் இரண்டு மூன்று மட்டும் லேசாக நீலம் பாரித்திருந்தன.