கரண்டி கட்டிய விரல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மருத்துவமனைப் பெஞ்சில் கிடைத்தது. எதிரே ஒருவன் குனிந்து மனைவியின் செருப்பு வாரை மாட்டிவிட்டான். "கைதானே ரிப்பேர், நான் என்ன குழந்தையா?" என்றாள் அவள். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் தொடக்கம்: "கண்ணாடித் தம்ளர் உடைந்தபோது அவள்—"

வேண்டாம். ரத்தத்தில் தொடங்கினால் வாசகர் கடைசிவரை ரத்தத்தையே தேடுவார்.

2

அவள் முடிதிருத்துபவள். தம்ளர் கீறி, வலது மோதிர விரலை மடக்கும் தசைநாண் அறுந்துவிட்டது. கத்தரிக்கோலின் வளையம் உட்காருவது அந்த விரலில்தான். அது மடங்காவிட்டால் தொழில் இல்லை.

சர்ஜன் நாணின் முனைகளை நான்கு இழை போட்டுத் தைத்தார். இரண்டு போதாதா? (நான்தான் கேட்டேன். என் பாத்திரம் என்பதால் பொறுமையாகப் பதில் சொன்னார்.)

"ரெண்டுன்னா பிரிஞ்சிடுமோன்னு பயந்து அசைக்காம வைக்கணும். அசையலைன்னா சுத்தியிருக்கிற சதையோட ஒட்டிக்கும். நாலுன்னா சீக்கிரமே மெல்ல அசைக்கலாம். அதுக்காக இழையைக் கூட்டிக்கிட்டே போனா நாண் தடிச்சுப்போய், அது ஓடற உறைக்குள்ள வழுக்காது. ரொம்ப இறுக்கினா சுருண்டுக்கும்."

நான் இறுக்கித் தைத்த சில வாக்கியங்கள் நினைவுக்கு வந்தன. அவை இன்றும் மடங்குவதில்லை.

3

கணவனைக் கொடுமைக்காரனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை, செருப்பு வார் இடித்தது. ஆகவே பாசக்காரன். தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில், மருத்துவமனை மாட்டிவிட்ட பட்டைக்குள் ஒரு கரண்டியையும் வைத்து விரலை அதோடு கட்டிவிட்டான்.

"வீட்ல மடக்கி விட்டீங்களா?" என்று கேட்டாள் பிசியோதெரபிஸ்ட்.

"அசையவே விடல மேடம்." குரலில் பெருமை. "கரண்டி வெச்சுக் கட்டிட்டேன்."

"கரண்டியா?"

"புதுசுதான். சுடுதண்ணில கழுவிட்டுத்தான் கட்டினேன்."

"சர்ஜன் அவ்வளவு பாடுபட்டுத் தைச்சதே அசைக்கிறதுக்குத்தான் சார். கரண்டி சமையலறையிலேயே இருக்கட்டும்."

கணவன் மனைவியைப் பார்த்தான். "வலிக்கல, நல்லாருக்குன்னு நீதானடி சொன்னே?"

"வலிக்கலன்னுதான் சொன்னேன். நல்லாருக்குன்னா சொன்னேன்?"

4

[இங்கே விரல் ஒட்டிப்போனதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் விரல் உள்ளங்கையைத் தொட்டது, அவள் அழுதாள். மற்றதில் பாதியில் நின்றது. மறுபடி அறுவை சிகிச்சை. இரண்டிலும் நான்தான் அவசரப்பட்டேன். இரண்டையும் அடித்துவிட்டேன்.]

கட்டைப் பிரித்தார்கள். பிசியோதெரபிஸ்ட் காட்டிய விதத்தில் அவனே விரலைப் பிடித்து மடக்கினான். பச்சைக் குழந்தையின் நகத்தை வெட்டுபவனைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். மடங்கியது. நீண்டது. மறுபடி மடங்கியது.

"இப்ப நீங்களா, மெதுவா," என்றாள் பிசியோதெரபிஸ்ட் அவளிடம்.

அவன் கையை எடுக்கவில்லை.

"விடுங்க. நான் பாத்துக்கறேன்."

விட்டான்.

விரல் நுனி அசைந்தது. அவள் சிரிக்கத் தொடங்கினாள். உள்ளங்கைக்கு இன்னும் தூரம் இருக்கிறது, இங்கே யாருக்கும் அவசரமில்லை. நானும் கையை எடுத்துவிடுகிறேன். மீதி உங்களுடையது, பிடித்து இழுக்காமல் இருந்தால் சரி.