சோப்புக்கான இரண்டே முக்கால் டாலர்

டெல்மர் ஸ்டிடம் என்பவன், மாவட்ட நிர்வாகமான கவுண்டியின் சிறைக்குத் தர வேண்டிய பாக்கி ஆயிரத்து நானூற்று அறுபத்தேழு டாலர் எழுபத்தைந்து சென்ட். நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்ததற்குத் தினம் முப்பத்தைந்து வாடகை, பேரைப் பதிந்ததற்கு முப்பது, சோப்புக்கும் பிரஷ்ஷுக்கும் இரண்டே முக்கால். லைசென்ஸ் ரத்தான பிறகு வண்டி ஓட்டியதுதான் குற்றம். அறுபத்துநாலு கட்டிலுக்கு நூற்று நாற்பது பேர் என்பதால் தரையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் படுத்துக் கிடந்தான். அதற்காக வாடகையைக் குறைக்கவில்லை.

வெளியே வந்ததும் கிடைத்த வேலை, அதே சிறையின் புதுக் கட்டடத்துக்குக் கான்கிரீட் தளம் போடுவது. அதற்குக் கவுண்டி வாங்கியது ஒரு கோடியே பத்து லட்சம் டாலர் கடன். வெளியூர்க் கைதிகளை வாங்கி வைத்து, தலைக்கு இவ்வளவு என்று வருகிற காசில் அடைத்துவிடலாம் என்பது கணக்கு. சுவர், கதவு, கட்டில், கேமரா எல்லாவற்றையும் எண்ணினார்கள். காவலுக்கு நிற்க ஆள் வேண்டும் என்பதை மட்டும் எண்ணவில்லை. ரிப்பன் வெட்டிய அன்று வந்த மாநில இன்ஸ்பெக்டர், "பதினெட்டுக் காவலர் இல்லாம ஒரு கதவையும் தொறக்கக் கூடாது" என்று சொல்லி, கேக்கைத் தின்றுவிட்டுப் போனார்.

சிறையில் மணிக்குப் பதினாலு டாலர். ரோட்டுக்கு எதிரே கோழி வெட்டும் ஆலையில் பத்தொன்பது. கோழி ஓடாது, திட்டாது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்கள், சிறை அதிகாரி ராஸ்கோ நேப்பியரின் மருமகன் என்று வழித்துப் பார்த்ததில் பதினேழு பேர் தேறினார்கள். அங்கேயே நின்றது.

ராஸ்கோ டெல்மரைத் தேடி வீட்டுக்கு வந்தான். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள்.

"டேய், வேலைக்கு வரியாடா?"

"உங்கிட்ட கெடந்தவன்டா நான்."

"அதான் நல்லது. உனக்கு எடம் காட்ட வேண்டியதில்ல."

டெல்மர் உள்ளே பார்த்தான். மனைவி லொரீனா அடுப்பின் திருகைக் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். கண்ணுக்கு ஊசி போட வேண்டும். சிறை வேலையில் மருத்துவக் காப்பீடு உண்டு. கோழி ஆலையிலும் உண்டுதான். ஆனால் கான்கிரீட்டிலேயே தேய்ந்த முழங்காலோடு அவன் படியேறியதைப் பார்த்து, அங்கிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை அவன் லொரீனாவிடம்கூடச் சொல்லவில்லை.

"வரேன்" என்றான்.

கவுண்டிக்குப் பாக்கி வைத்தவனுக்குக் கவுண்டியில் வேலை கிடையாது என்று போன வருஷம்தான் விதி போட்டிருந்தார்கள். விஷயம் கவுண்டிக் கூட்டத்துக்குப் போனது. தலைவி கார்னெட் டாக்கெட் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

"சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சுக்கலாமே?"

"பிடிச்சா கோழி வெட்டப் போயிருவாம்மா" என்றான் ராஸ்கோ.

"போவியா, டெல்மர்?"

டெல்மர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். நடக்கச் சொல்லிவிடக் கூடாதே என்று இருந்தது.

"கூப்பிட்டிருக்காங்கம்மா."

"எப்ப சேரச் சொன்னாங்க?"

"திங்கக்கிழமை."

தலைவி பொருளாளரைப் பார்த்தாள். "காலியாக் கெடக்கற கட்டடத்துக்கு ஒரு நாளைக்கு என்ன தவணை?"

"ரெண்டாயிரத்து நூறும்மா."

"இவன் பாக்கி ஒரு நாள் தவணைகூட இல்லையே. இதுக்கா இவ்வளவு நேரம் பேசறோம்? தள்ளுபடி பண்ணலாம்னா கை தூக்குங்க."

எல்லாரும் தூக்கினார்கள். முன்வரிசையில் இருந்த ராஸ்கோவின் மருமகனும் தூக்கினான். அவனுக்கு ஓட்டு இல்லை என்று சொல்லி இறக்கச் சொன்னார்கள்.

"ஒரு சந்தேகம்" என்றார் பொருளாளர். "வாடகையும் பதிவுக் காசும் நம்மளது, தள்ளிரலாம். சோப்பு, பிரஷ்ஷு சிறைக்குள்ள கடை வச்சிருக்கற கான்ட்ராக்டரோடது. ரெண்டே முக்கால் டாலரத் தள்ள நமக்கு அதிகாரம் இல்ல."

ராஸ்கோ பாக்கெட்டைத் தொட்டான்.

"இருடா" என்றான் டெல்மர்.

நாற்காலி நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு மேஜைவரை போனான். தலைவி அவன் முழங்காலைப் பார்த்தாள். காலியாகக் கிடக்கும் கட்டடத்தை நினைத்தாளோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை. அவன் மூன்று டாலரை வைத்தான். பொருளாளர் பாக்கி இல்லை என்று ரசீது எழுதி, அதன்மேல் இருபத்தைந்து சென்ட் நாணயத்தை வைத்து நகர்த்தினார்.