முதல் போத்தல்

கடலுக்கு அடியில் புல் வளரும் என்று சொன்னால் மலையில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். ஆனால் வளர்ந்தது. பகாங் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே, இடுப்பளவு ஆழத்தில், விரல் நீளப் பச்சை இதழ்களோடு ஒரு பெரும் படுகையாக வளர்ந்தது. இறால் குஞ்சுக்கு அது தொட்டில்; கரையோர மீனவனுக்கு அது நாளைய சோறு. கடல்வாழ் உயிர்களை ஆராயும் வாசுகி ஏழாண்டுகளாக அந்தப் படுகையை அளந்து வந்தாள். அது சுருங்கியதை அளந்தவளும் அவளே, சாகத் தொடங்கியதை அளந்தவளும் அவளே. ஆண்டுக்காண்டு கடல் சூடேறியது உண்மை. அந்தச் சூட்டைப் புல் எப்படியோ தாங்கிக்கொண்டது. ஆற்றோடு வந்து இதழ்கள்மேல் போர்வையாகப் படிந்த சேற்றைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. வெயிலைக் காணாத புல் எதை உண்டு வாழும்?

அந்தச் சேறு யாருடைய சேறு? குவாந்தானில் கூடிய விசாரணைக் குழுவின் முன் இருந்த கேள்வி அது ஒன்றுதான். கேமரன் மலையில் ஒரு காய்கறி நிறுவனம் மேலும் இருநூறு ஏக்கர் காட்டுச் சரிவை வெட்ட அனுமதி கேட்டிருந்தது. மலையை வெட்டினால் கடல் சாகும் என்று வாசுகி மனுக் கொடுத்திருந்தாள். முதல் அமர்வில் நிறுவனத்தின் வழக்கறிஞர் வேறெந்த ஆயுதத்தையும் தேடவில்லை. வாசுகியின் அட்டவணையையே எடுத்து வாசுகியின் முன் நீட்டினார். ஆற்றின் நடுப்பகுதியில் சேறு இருந்தது, முகத்துவாரத்தில் சேறு இருந்தது. மலை உச்சியின் ஓடையில் மட்டும், மாதம் ஒரு போத்தலாக இருபத்து மூன்று மாதம், தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. "மலை குற்றவாளி இல்லை என்று மனுதாரரே சொல்கிறார். மீனவர்கள் இழுக்கும் வலைதான் கடலடியைக் கிளறுகிறது" என்று சொல்லி அவர் உட்கார்ந்தார். பின்வரிசையில் இருந்த மீனவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த அமர்வு வியாழக்கிழமை. அதுவே கடைசி.

அந்த மலைப் போத்தல்களை நிரப்பி அனுப்பியவர் வாசுகியின் அப்பா சிவசாமி. மாதந்தோறும் மலையேறி இறங்க அவளுக்கு நாளில்லை. ஆய்வுக்குழுவில் மலைக்கு அனுப்ப வேறு ஆளும் இல்லை. பிரிஞ்சாங்கைத் தாண்டிக் கம்போங் ராஜா போகும் வழியில் உள்ள தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவர் தனியாக இருந்தார். வீட்டுக்குக் கீழேயே ஓடை. ஒன்றாம் தேதி போத்தலை நிரப்பி, மூடி, பனிப்பெட்டியில் வைத்து, குவாந்தான் சந்தைக்குப் போகும் காய்கறி லாரியில் ஏற்றிவிட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை ஒன்றாம் தேதி. ஓடையைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட, சொல்லாமல் கொள்ளாமல் வாசுகி மலையேறினாள். வழியில் லெம்பா பெர்த்தாம் ஊரில் பழைய வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கோடு ஒரு கிட்டங்கிச் சுவரில் இன்னும் இருந்தது. மேலே ஏற ஏற, சரிவுகள்மேல் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் வெள்ளை வெள்ளையாக அடர்ந்தன. லயத்துப் பாலத்தில் காரை நிறுத்திக் கீழே பார்த்தாள். ஓடை தே தாரேக் பால்தேநீரின் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மழைகூட இல்லை.

அவள் பாலத்தைவிட்டு இறங்கினாள். பிறகு வீட்டின் பின்பக்கமாகப் போனாள்.

அங்கே ஒரு நீல நிறப் பீப்பாய். அதன்மேல் நான்கு மடிப்பாகக் கட்டிய வெள்ளை வேட்டித் துணி; துணியின் நடுவில் ஈரச் சேறு கிண்ணம்போல் தேங்கிக் கிடந்தது. பக்கத்தில் மணைபோட்டு உட்கார்ந்து, அவள் பெயர் அச்சிட்ட போத்தலைச் சிவசாமி துண்டின் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். போத்தலுக்குள் தண்ணீர் தெளிவாக இருந்தது.

"வரேன்னு ஒரு போன் போடக் கூடாதாம்மா? கோழி வாங்கி வச்சிருப்பேன்லா" என்று அவர் எழப் பார்த்தார். முழங்கால் மறுத்தது.

அவள் துணியைக் காட்டி இது என்னவென்று கேட்டாள். அவர் பெருமையோடு விளக்கினார். முந்தின நாள் காலையில் எடுத்த தண்ணீர். ஒரு நாள் முழுக்கப் பீப்பாயில் அடங்கவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் மொண்டு, துணியில் இரண்டு தடவை வடித்தது. தைப்பூசத்துக்கு எடுத்த மல்வேட்டிதான், கடைத்துணியை நம்ப முடியாது. ஒரு தூசு இருந்தால் காட்டு என்று போத்தலை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"எத்தன மாசமா இப்படிப்பா?"

"ரெண்டாம் மாசத்துலேருந்து. மொத மாசம் அப்படியே மொண்டுதான் அனுப்புனேன். அந்த லாரிக்காரப் பய பக்கிரிசாமி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, 'என்னா பெரியவரே, மக கடல் டாக்டரு, நீங்க லொங்காங் தண்ணிய அனுப்புறீங்க, நல்ல சீர்வரிசலா'ன்னு கேட்டுட்டான். என்னையச் சொன்னா பரவால்ல. ஒம் பேரு போட்ட போத்தல். படிச்சவங்க நாலு பேரு பாப்பாங்க. இவ பொறந்த எடமே சாக்கடைன்னு நெனைக்க மாட்டாங்களா?"

வாசுகிக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. முப்பத்தொரு ஆண்டு தேயிலைத் தொழிற்சாலையின் தூள் சலிக்கும் கூடத்தில் அவர் செய்த வேலை அவளுக்குத் தெரியும். சுவை பார்க்கும் மேசைக்குப் போகும் பொட்டலத்தைக் கட்டுவது அவர் பொறுப்பு. குச்சி பொறுக்கி, நார் பொறுக்கி, தூள் ஊதி, ஒரே அளவான கரிய தேயிலை மணிகளை மட்டும் கட்டுவார். வெளியே போகிற பொருள் தோட்டத்தின் முகம் என்பது அங்கே விதி. துரை வருகிறார் என்றால் லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு. பெரிய துரை வருகிறார் என்றால் கால்வாய்க்கும் சுண்ணாம்பு. கூரை ஒழுகுவதைச் சொல்ல வேண்டிய நாளில், ஒழுகலைப் பிடிக்க வைத்த பாத்திரங்களை ஒளித்துவைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்ற மக்கள் அவர்கள். அழுக்கை உண்டாக்கியவன் ஒருவன். அவன் உச்சியில் கூரை போட்டுக்கொண்டு உறங்குகிறான். அதற்காக வெட்கப்பட்டு, தன் பண்டிகை வேட்டியைக் கிழித்து வடிகட்டுகிறவன் இன்னொருவன்! எத்தனை தலைமுறை பழக்கிய வெட்கம் இது? யார் பழக்கியது?

ஆனால் அவளைக் கீழே உட்காரவைத்தது அந்த நினைப்பு இல்லை. முதல் மாசம் அப்படியே அனுப்பினேன் என்று அவர் சொன்ன சொல்.

அந்தப் போத்தல் அவளுக்கு நினைவிருந்தது. கலங்கல் அளவு கருவியின் எல்லையைத் தொட்டது. ஆய்வகத்துத் தோழி ஒருத்தி மறுபடி தண்ணீர் எடுக்கச் சொல்லலாமே என்றாள். வாசுகி சிரித்தாள். அந்த ஓடையில் குளித்தவள் அவள். பள்ளிவிட்டு வந்து அதில் கையேந்திக் குடித்தவள். அங்கே எப்படிச் சேறு வரும்? அப்பா அடிமண்ணைக் கலக்கி மொண்டிருப்பார் என்று முடிவு கட்டி, அந்த வரிசையின்மேல் சிவப்புக் கோடு இழுத்து, 'பிழை, நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அடுத்த மாதம் தெளிந்த போத்தல் வந்தது. தான் சொன்னதே சரி என்று மகிழ்ந்தாள். இருபத்து நான்கு போத்தல்களில் உண்மை பேசியது ஒன்று. அந்த ஒன்றின் வாயை அடைத்தது அப்பா இல்லை.

அவர் அருகில் உட்கார்ந்தபடி அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கடற்புல்லைச் சொன்னாள், வழக்கறிஞரைச் சொன்னாள், வலைமீது விழுந்த பழியைச் சொன்னாள், தன் சிவப்புக் கோட்டையும் சொன்னாள். அவள் சொல்லி முடித்ததும் சிவசாமி போத்தலின் மூடியைத் திறந்தார். தெளிந்த தண்ணீரை முற்றத்தில் ஊற்றினார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடைக்கு இறங்கி, அது இருக்கிறபடியே மொண்டு, பழுப்பு நிறப் போத்தலோடு ஏறி வந்தார்.

"இது ஒண்ணு பத்துமாம்மா?"

பத்தாது என்று அவளுக்குத் தெரியும். வாங்கிக்கொண்டாள்.

சோறு பொங்கிச் சாப்பிடும்போது, விசாரணையில் சேகரிப்புப் பிழை என்று மட்டும் சொல்லப்போவதாகவும், யார் எவர் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்றும் அவள் மெல்லச் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"பேரு சொல்லாட்டி பழி அந்த மீன்காரங்க மேலதானே நிக்கும்? எம் பேரச் சொல்லு. கெடுக்கணும்னு செய்யலன்னு மட்டும் சேத்துச் சொல்லு."

வியாழக்கிழமை அவரும் வந்தார். தொழிற்சாலையில் ஓய்வு கொடுத்த நாளில் போட்ட வெள்ளைச் சட்டை, மடியில் துண்டு. மீனவர்களுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

வாசுகி எழுந்து இருபத்து மூன்று போத்தல்களின் கணக்கைத் திரும்பப் பெற்றாள். வடிகட்டிய தண்ணீர் அது என்றாள். சேகரித்தவர் யார் என்று தலைவர் கேட்டார். "சிவசாமி. என் அப்பா. தம் ஓடையின் மானத்தைக் காப்பதாக எண்ணிச் செய்தார். கெடுக்க வேண்டும் என்று செய்யவில்லை" என்றாள். தன் பெயர் காதில் விழுந்ததும் பின்வரிசையில் சிவசாமி எழுந்து நின்றார். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிட்டால் நிற்பதுபோல, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அப்படியானால் மலையைப் பற்றி உங்களிடம் எஞ்சியிருக்கும் ஆதாரம் என்ன என்று தலைவர் கேட்டார். அவர் கொடுமைக்காரர் அல்லர். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"முதல் போத்தலும், செவ்வாய்க்கிழமை எடுத்த போத்தலும்."

"முதல் போத்தலைப் பிழை என்று நீக்கிக் கையெழுத்திட்டவர்?"

"நான்தான்."

நிறுவனத்தார் பக்கத்தில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். குழு அரைமணி நேரம் உள்ளே போய் வந்தது. மேல்மலை அளவுகள் முழுவதும் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டன. இரண்டு போத்தல்களைக் கொண்டு இருநூறு ஏக்கரைத் தடுக்க இயலாது என்றார்கள். புதிதாக இரண்டாண்டு அளந்துகொண்டு வந்தால் கேட்கத் தயார் என்றார்கள். இரண்டாண்டு! வெட்டப் போகிறவன் இரண்டாண்டு காத்திருப்பானா? சாகிற புல் காத்திருக்குமா? வலைமீது சொன்ன பழியை அவர்கள் ஏற்கவும் இல்லை, நீக்கவும் இல்லை. மீனவர்களில் மூத்தவர் வெளியே போகும் வழியில் சிவசாமியின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார். அந்தக் கை தொட்ட இடத்தைச் சிவசாமி வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும், அந்தத் தண்ணீர் போய்ச் சேருகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டார். அறுபத்தெட்டு வயதுவரை அவர் ஓடையின் தலைமாட்டிலேயே வாழ்ந்தவர். கால்மாட்டைப் பார்த்ததே இல்லை.

மாலையில் கடல் வற்றியிருந்தது. படுகை இருந்த இடம் வழவழப்பான பழுப்புத் தரையாக நெடுந்தூரம் கிடந்தது. அவள் ஏழாண்டுக்கு முன் நட்ட அளவுக் கம்புகள் மட்டும் வரிசையாக நின்றன. சிவசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மகளின் தோளைப் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் இறங்கினார். குனிந்து தடவினார். ஒரு புல் கையோடு வந்தது. அதன்மேல் சேறு தோலாக ஒட்டியிருந்தது.

அவர் மடியிலிருந்து துண்டை எடுத்தார். நுனியை நனைத்து, அந்த இதழை அடியிலிருந்து நுனிவரை, தேயிலைப் பொட்டலத்தில் நார் பொறுக்கிய அதே நிதானத்தோடு துடைத்தார். சேறு போனது. உள்ளே பச்சை இல்லை. அதைத் தண்ணீரில் விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்.

வாசுகி அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு நின்றாள். தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கும்வரை, துண்டு முழுவதும் பழுப்பாகும்வரை, அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார்.