ஒரு துளை மிச்சம்

...பல் துலக்கியாயிற்று, முகம் கழுவியாயிற்று, பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்தாயிற்று, ஒரு டம்ளர் போதும் என்பது கைக்கு இன்னும் பழகவில்லை, இரண்டை எடுத்து ஒன்றைத் திரும்ப வைத்தான், ஹாலில் மச்சான் உட்கார்ந்திருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது, மறுபடி எடுத்தான். மச்சான், மனைவியின் அண்ணன், ஞாயிறு தவறாமல் வந்துவிடுவார், வேதவாசிப்புக் கூட்டத்துக்கு இவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக. அவர் வாசிக்கும் விதமே வேறு. வேதத்தில் எது வந்தாலும் அவருக்கு அது உள்ளே இருக்கிற 'நான்'தான். மண்ணில் விழுந்து சாகவேண்டிய கோதுமை மணி நான், புரட்டித் தள்ளவேண்டிய கல்லறைக் கல் நான், ஊசிக்காதில் நுழைய முடியாத ஒட்டகம்கூடத் தப்பவில்லை, அதுவும் நான். பழைய மனுஷனைச் சட்டை மாதிரி கழட்டிப் போடணும் மாப்ள, அப்பதான் ஆண்டவர் உள்ள வருவார்... சரி, கழற்றலாம். அவள் போனதிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறான்? கண்ணை மூடி உட்கார்ந்து பெயரை விட்டான், படிப்பை விட்டான், கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றி 'இப்பத் தெரியுதா, இப்ப?' என்று கேட்கிற குரலையும் விட்டான், எல்லாம் விட்டபின் மூலையில் ஒருத்தன் நின்றான், எல்லாத்தையும் விட்டுட்டேன் பார்த்தியா என்று மார்தட்டிக்கொண்டு. அவனை யார் விடுவது?

போன வாரம் கூட்டத்தில் ஒருவர் தோளைத் தட்டி, "உங்களுக்குச் சுலபம் தம்பி, பாதி வேலைய ஆண்டவரே முடிச்சுட்டார்" என்றார். பாதி வேலை! அவளைக் கொண்டுபோனதற்குப் பெயர் பாதி வேலையா? மரத்துக் கிடந்த உடம்பில் அந்த ஒரு நொடி சுருக்கென்று உயிர் வந்தது, கோபம், கலப்படமில்லாத கோபம், பார், 'நான்' சாகவேயில்லை, சௌக்கியமாக இருக்கிறது. மச்சான் டம்ளரை வாங்கிக்கொண்டு ஆரம்பித்தார். "மாப்ள, இன்னைக்காவது எழுந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க. கடைசியில அவ தன்னையே ஒப்புக்கொடுத்துட்டான்னு நானே எத்தனை நாள் சொல்றது? நான் அங்க இல்லியே. நீங்கதான இருந்தீங்க... என்னதான் சொன்னா?" இந்த மனிதர் ஒட்டகத்தையும் கல்லையும் கட்டி இழுப்பதெல்லாம் இந்த ஒரு கேள்விக்காகத்தானோ? "சட்டையப் போட்டுட்டு வரேன் மச்சான்."

கதவை ஒருக்களித்துச் சாத்தினான். என்னத்தைச் சொல்ல? அழகாக ஒரு வாக்கியம் கட்டிக் கொடுத்தால் அவருக்கு நிம்மதி, கூட்டத்துக்கும் திருப்தி, ஆனால் அவள் அப்படியெல்லாம் பேசுகிறவளா? கீழேயிருந்து பட்டன் போட்டுக்கொண்டே வந்தான், கழுத்தருகே ஒரு துளை மிச்சம். அன்று விடியற்காலை ஆஸ்பத்திரிக்கு ஓடினபோதும் இப்படித்தான்... கழற்றப் போன கை அப்படியே நின்றது. இத்தனை நாள் கழற்றிப்போடப் பார்த்தானே, அந்த ஆளைத்தானே அவள் கடைசியாகப் பார்த்தாள்? அவனையும் அனுப்பிவிட்டால், அவள் சொன்னது யாரிடம் சொன்னதாகும்? இல்லை, ஒருவேளை அவள்... தெரியவில்லை. "மாப்ள, நேரமாச்சு!" என்றார் மச்சான் வெளியிலிருந்து. அன்று கட்டிலில், முகத்திலிருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கைத் தானே விலக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, இவன் நெஞ்சைப் பார்த்துத்தான் சொன்னாள்: "டேய், பட்டன மாத்திப் போட்டிருக்க. இப்படியேவா ரோடு பூரா வந்த?"