மேனேஜருக்குத் தண்ணீர் இறங்கவில்லை

ஊரில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் ஓடிப்போய்ச் சரிசெய்கிறவர் வாஷர். பிறந்தபோது அவருக்கும் பெயர் என்று ஒன்றை வைத்தார்கள்தான். முப்பது வருடக் குழாய் வேலையில் அது தேய்ந்துபோய், தெருவே அவரை வாஷர் என்றுதான் கூப்பிட்டது. அப்பேர்ப்பட்ட வாஷர் வீட்டுச் சமையலறைக் குழாய் பதினோரு வருடமாக ஒழுகியது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். பிள்ளையாவது பரவாயில்லை, பரீட்சை சமயத்தில் மட்டும்தான் மானத்தை வாங்கும். குழாய் ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுக்கவில்லை.

"என்னங்க, அந்தக் குழாயைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று மனைவி பதினோரு வருடமாகச் சொன்னாள். அவரும் தினமும் பார்த்தார். பார்க்கத்தானே சொன்னாள்!

ஒரு நாள் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. ஏசி அறையில் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருக்கிற உத்தியோகம். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. டம்ளரைக் கழுவப் போனவன் சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தான்.

"மாமா, எனக்குத் தெரிஞ்ச பிளம்பர் ஒருத்தர் இருக்காரு. நம்பர் தரட்டுமா?"

மனைவி சிரித்தாள். சும்மா இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாஷருக்குக் காது மடல் வரை சுட்டது. பதினோரு வருட வேலை அன்றைக்குப் பதினோரு நிமிடத்தில் முடிந்தது. குழாய்க்குள் இருந்த பழைய திருகுத் தண்டையும் தேய்ந்த ரப்பர் வாஷரையும் கழற்றிவிட்டுப் புத்தம்புதுப் பித்தளைத் தண்டைப் போட்டு முறுக்கினார். "இனிமே இதுல ஒரு சொட்டு ஒழுகினா நான் பேரை மாத்திக்கறேன்" என்றார். எந்தப் பெயரை என்று மச்சினன் கேட்கவில்லை. அந்த மட்டுக்கும் அவனுக்குப் புத்தி இருந்தது.

அந்த வாரமே மேனேஜர் சுருண்டு படுத்துவிட்டார்.

மேனேஜர் என்பது பூனை. ஒன்பது வயது, சாம்பல் நிறக் கடுவன். ஒரு வேலையும் செய்யாமல், மற்றவர்கள் செய்கிற வேலையை உயரத்தில் உட்கார்ந்து அதிருப்தியோடு பார்ப்பதால் வந்த பட்டம். புருஷன் பெண்டாட்டிக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி அழுவதை இருவரும் நிறுத்தியதே மேனேஜர் வந்த பிறகுதான். அதனால் அவர் மீன் துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதும் வீட்டில் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மேனேஜரின் பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கிக் கையை எடுத்தார். தோல் தூக்கியபடியே நின்றது, கீழே இறங்க மனமில்லாமல்.

"உடம்புல தண்ணி வத்திப்போச்சு. இன்னைக்கு ஊசியில கொஞ்சம் ஏத்தி அனுப்பறேன். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள இது தானா குடிக்கணும். இல்லேன்னா கூண்டுல வெச்சு டிரிப்ஸ்தான். கிட்னி கெட்டுப்போச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல, சொல்லிட்டேன்." பிறகு கேட்டார். "சமீபத்துல வீட்டுல ஏதாவது மாத்தினீங்களா? கிண்ணம், சாப்பாடு, இடம், ஆளுங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க வீட்டுலயா?" என்றார் வாஷர் பெருமையாக. "பதினோரு வருஷமா ஒரு நாற்காலிகூட நகரலை டாக்டரம்மா."

திங்கட்கிழமை தொடங்கியது திருவிழா. மனைவி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள், அளக்காத எதையும் நம்பமாட்டாள். கிண்ணத்தில் இருநூறு மில்லி ஊற்றிப் பேனாவால் கோடு போட்டாள். மாலையில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. "அந்த ரெண்டு மில்லி காத்துல போனது" என்று அவளே தீர்ப்பும் சொன்னாள். அகலக் கிண்ணம், கண்ணாடிக் கிண்ணம், பூப்போட்ட பீங்கான் கிண்ணம் என்று மேனேஜருக்குச் சீர்வரிசை வைத்தார்கள். உப்பில்லாமல் கோழி வேகவைத்த தண்ணீரை ஆற்றிக் கொடுத்தார்கள். மேனேஜர் அதில் முன்னங்காலை நனைத்து உதறினார். மீனை மசித்துத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் மீன் போயிற்று, தண்ணீர் அப்படியே நின்றது. எப்படிப் பிரித்தார் என்பது அவருக்கே வெளிச்சம். ஊசி போடாத சிரிஞ்சில் வாயோரமாக ஊற்றிப் பார்த்ததில் ஐந்து மில்லி வாஷர் சட்டையிலும் மூன்று கீறல் வாஷர் கையிலும் இறங்கின.

செவ்வாய்க்கிழமை மச்சினன் ஃபோனைப் பார்த்து ஒரு குட்டி நீரூற்றை வாங்கி அனுப்பினான். பிளக்கைச் செருகியதும் அது உர்ர்ரென்று உறுமியது. மேனேஜர் ஒரே தாவலில் பீரோ மேல் போய் உட்கார்ந்தவர் மறுநாள்தான் இறங்கி வந்தார்.

இந்த அமர்க்களத்திலும் வாஷருக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. பலம் இருக்கும்போதெல்லாம் மேனேஜர் சமையலறை மேடையில் ஏறி, சிங்க் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தப் புதுக் குழாயையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

"பாத்தியா?" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "கழுதைக்குத்தான் கற்பூர வாசனை தெரியாது. பூனைக்கு வேலையோட அருமை தெரியுது. நீ ஒரு வார்த்தை நல்லாயிருக்குன்னு சொன்னியா?"

"அது சாகக் கிடக்கு, உங்களுக்குப் பாராட்டு கேக்குதா?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கையாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்த வாஷர் அந்தக் குழாயில் கை கழுவினார். மூடினார். குழாய் சொன்ன பேச்சைக் கேட்டுப் பட்டென்று நின்றது. துண்டு எங்கே என்று திரும்பிய நேரத்தில், முழங்கையிலிருந்து ஒரு சொட்டு சிங்க்கில் விழுந்தது. டொக்.

மேடை ஓரத்தில் படுத்திருந்த மேனேஜரின் காது நிமிர்ந்தது. தள்ளாடி எழுந்து வந்து, அடுத்த சொட்டு விழுவதற்குள் முழங்கைக்கு அடியில் நாக்கை நீட்டினார். அந்தச் சொட்டு முடிந்ததும் குழாயின் வாயைப் பார்த்தார். அதில் ஒன்றும் வராததால் வாஷரின் முகத்தைப் பார்த்தார்.

வாஷருக்கு அப்போதுதான் புரிந்தது. குட்டியாக வந்த நாளிலிருந்து மேனேஜர் இந்த சிங்க்கில்தான் கிடந்தார். கூடத்துக் கிண்ணத்தில் தினமும் காலையில் தண்ணீரைக் கொட்டிப் புதிதாக ஊற்றினார்களே தவிர, அது குறைந்ததா என்று ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் யாரும் பார்த்ததில்லை. இந்தப் பூனை வாழ்நாள் முழுக்கக் குடித்தது அவருடைய சோம்பேறித்தனத்தை. அதைத்தான் அவர் ரோஷப்பட்டு, பித்தளைத் தண்டு போட்டு, முறுக்கி மூடினார். அடப்பாவி, ஒரு நாற்காலிகூட நகரவில்லை என்றா அந்த டாக்டரம்மாவிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாய்!

குழாயைச் சன்னமாகத் திறந்தார். நூல் போலத் தாரை விழுந்தது. மேனேஜர் இரண்டடி பின்வாங்கினார். இன்னும் மூடினார், அடியோடு நின்றது. நல்ல குழாய்க்கு இதுதான் கேடு. விட்டால் ஓடும், அடைத்தால் நிற்கும், நடுவில் சொட்டத் தெரியாது.

பழைய சாமான் டப்பாவைத் தரையில் கவிழ்த்தார். நூறு பேர் வீட்டுக் கழிசல் அதில் இருந்தது. தடவித் தடவித் தன் வீட்டுத் தண்டையும் ஓரம் கிழிந்த அந்த வாஷரையும் கண்டுபிடித்தார். சத்தம் கேட்டு மனைவி வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

"குழாயை ரிப்பேர் பண்றேன்."

"நல்லாத்தானே இருக்கு?"

"அதான் ரிப்பேர்." கிழிந்த வாஷரைத் தூக்கிக் காட்டினார். "என்னாலதாம்மா. இது இந்தச் சொட்டைத்தான் குடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. நான்தான் நிறுத்திட்டேன்."

பதினோரு வருடத்துக்குச் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகி வாஷர் குனிந்துகொண்டார். அவள் வந்து அவர் கையில் இருந்த டார்ச்சை வாங்கிப் பிடித்தாள்.

"நானும்தான் சிரிச்சேன்" என்றாள். "சீக்கிரம் மாட்டுங்க."

ஒழுகலை நிறுத்துவது கற்றுக்குட்டிக்கும் கைவரும். ஒழுக வைப்பது இருக்கிறதே, அதற்கு முப்பது வருட அனுபவமும் போதவில்லை. ஒரு சுற்று விட்டால் வேகம், அரைச் சுற்று விட்டால் மந்தம். மேனேஜர் பக்கத்திலேயே உட்கார்ந்து, வழக்கமான அதிருப்தியோடு மேற்பார்வை பார்த்தார். நாலாவது தடவை கழற்றி மாட்டியபோது பழைய தாளம் வந்தது. டொக். டொக். மேனேஜர் கழுத்தைச் சாய்த்து நக்கினார். அவர் நக்கிய சொட்டுகளை மனைவி உதட்டசைவில் எண்ணினாள். நூறு தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா தோலைக் கிள்ளித் தூக்கிக் கையை எடுத்தார். தோல் சட்டென்று இறங்கியது. "கூண்டு வேண்டாம். அடுத்த வாரம் ஒரு தடவை காட்டுங்க, போதும்" என்றார். எப்படிக் குடிக்க வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, வாஷர் சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார்.

வீடு திரும்பினால் வாசலில் மச்சினன். இந்தத் தடவை உறுமாத நீரூற்றாம். உள்ளே வந்தவன் சத்தம் கேட்டு நேரே சமையலறைக்குப் போனான். முகமெல்லாம் பல்.

"மாமா! பத்து நாள்கூடத் தாங்கலையா? பேரை எப்ப மாத்தறீங்க?" என்று குழாயை இறுக்கி மூடக் கையை நீட்டினான்.

"கையை எடுடா!"

மனைவி போட்ட சத்தத்தில் மச்சினன் கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது.

"ஒழுகுதேக்கா…"

"ஆமா, ஒழுகுது. உன் மாமா தன் கையால ஒழுக வெச்சது. நிமிஷத்துக்கு நாப்பது சொட்டு, ஒண்ணு கூடாம, ஒண்ணு குறையாம. உனக்குத் தெரிஞ்ச பிளம்பர் இருக்காருன்னியே, அவரை இப்படி ஒண்ணு பண்ணச் சொல்லு பாப்போம்!"

முப்பது வருடத்தில் அந்த வீட்டில் வாஷருடைய வேலையை யாரும் பாராட்டியதில்லை. அவர் மேடையில் கிடந்த ஸ்பேனரைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். மேனேஜர் மச்சினனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சிங்க்கில் இறங்கித் தண்ணீர் குடித்தார்.