அரைக்கட்டை

புஷ்பவள்ளி பாடும்போது கண்களை மூடுவதில்லை. ஞானாம்பிகைக்கு முதலில் பிடிக்காமல் போனது அதுதான்.

ஞானாம்பிகை மேடையில் மைக்கின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டு பாடுவாள். கூட்டத்தைப் பார்த்தால் தொண்டை வறண்டுவிடும். பினாங்கில் கெலுகோர் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்த காலத்திலேயே வகுப்பு முடிந்ததும் பஸ் பிடித்து ஒத்திகைக்கு வந்தவள் அவள். இப்போது ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. இத்தனை வருடங்களாக நீலக்கடல் இசைக்குழுவின் ஒரே பெண் குரல். கல்யாணங்களில் அவள் முகம் யாருக்கும் ஞாபகம் இருந்ததில்லை. குரல் ஞாபகம் இருந்தது. அது போதும் என்றுதான் நினைத்திருந்தாள்.

குழுவுக்குப் புதிதாக வந்த புஷ்பவள்ளி, கடலுக்கு அக்கரையில் இருக்கும் நிபோங் திபால்காரி. பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து நீலச் சீருடையோடு ஒத்திகைக்கு வருவாள், ஃபெர்ரிக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் ஓடுவாள். முதல் கல்யாணத்தில் பாடியபோதே முன்வரிசையில் இருந்த ஒரு கிழவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் எழுந்து நின்று கைதட்டினார். ஞானாம்பிகை பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, தன் புடவைத் தலைப்பின் நூலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

குழுவுக்கும் பினாங் ஸ்ட்ரீட்டில் இருந்த அப்துல் காதரின் இசைத்தட்டுக் கடைக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. மதராஸிலிருந்து பெட்டி வந்தவுடன், விற்பனைக்கு வைப்பதற்கு முன்பே, ஒரு தட்டு குழுவுக்கு இரவலாக வந்துவிடும். பதிலுக்கு மேடையில் அந்தப் பாட்டைப் பாடும் முன் கடையின் பெயரைச் சொல்ல வேண்டும். கடைக்கு மேலே உள்ள அறை ஒத்திகைக்கு இலவசம். புதுப் பாட்டை ஊரில் எந்தக் குழு முதலில் பாடுகிறதோ, கொஞ்ச நாளைக்கு அது அந்தக் குழுவின் பாட்டு. பெண் பாட்டு என்றால் தட்டு ஞானாம்பிகையின் வீட்டுக்குப் போகும். அப்பாவின் ரேடியோகிராமில் போட்டுப் போட்டுக் கற்றுக்கொள்வாள். பஸ்ஸில் அதை மடியில் நேராக வைத்துக்கொண்டு போவது அவளுக்குப் பிடித்த விஷயம்.

அந்த வருடம், 1977, குழுத் தலைவர் தங்கராஜு ஒரு செய்தி கொண்டுவந்தார். துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்க்கும் அவர்தான் குழுவில் ஆர்கன் வாசிப்பவர்.

"சிங்கப்பூர் கம்பெனி நம்மளை ரெக்கார்டு போடுதுலா! சொந்தப் பாட்டு நாலு. அதுல ஒண்ணு பொம்பளை தனிப்பாட்டு." சொல்லிவிட்டு ஞானாம்பிகையைப் பார்த்தார். பிறகு புஷ்பவள்ளியைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை கம்பெனியிலேருந்து கனகசுந்தரம்னு ஒருத்தர் வர்றாரு. ரெண்டு பேரும் ஒரே சினிமாப் பாட்டைப் பாடணுமாம். அவருதான் ஒருத்தரைத் தேர்ந்தெடுப்பாரு."

அந்த இரண்டாவது பார்வையை ஞானாம்பிகை வீடு வரை சுமந்துகொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை அந்தச் சினிமாப் பாட்டின் தட்டோடு மதராஸ் பெட்டி வந்தது. பள்ளி விட்டுக் கடைக்குப் போனபோது தெருவிலேயே பாட்டு கேட்டது. அதற்கு மேல் இன்னொரு குரல். புஷ்பவள்ளி மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு தட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். நடைபாதையில் நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள்.

"எத்தனாவது தடவை?" என்று கேட்டாள் ஞானாம்பிகை.

"மூணுதான் அக்கா."

"இந்தப் புள்ளைக்கு ரெக்கார்டே வேணாம்மா," என்றார் அப்துல் காதர். "காதுக்குள்ளயே ஊசி வச்சிருக்கு."

"சும்மா இருங்க முதலாளி. அக்காவோட தட்டை எடுத்துக் குடுங்க. எங்க வீட்டுல மெஷின் இல்ல, எனக்கு எதுக்கு?"

அவள் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் ஞானாம்பிகைக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்று நாள் ஞானாம்பிகை அந்த ஒரே பாட்டைப் போட்டாள். ஒவ்வொரு கமகத்தையும் பிரித்துப் பார்த்தாள். பாட்டு அவள் குரலுக்கென்றே செய்ததுபோல் உட்கார்ந்தது. கடையில் இருந்த அதே பாட்டின் மற்றத் தட்டுகள் அதற்குள் விற்றுப்போயிருந்தன.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் அவள் ஐந்து கட்டைச் சுருதியில் பாடினாள். தங்கராஜு தலையை ஆட்டினார். அடுத்து புஷ்பவள்ளி தொடங்கியதும் ஆர்கன் பொருந்தவில்லை. அவர் விரலை நகர்த்திப் பார்த்தார். ஐந்தரை. ஆர்கனில் அடுத்த கறுப்புக் கட்டை.

"ஏத்திப் பாடுறா," என்றாள் ஞானாம்பிகை. அவ்வளவு வேகமாக அவள் ஒருபோதும் பேசியதில்லை. "ரெக்கார்டுல ஐந்து கட்டைதான். அரைக்கட்டை கூட வச்சா குரல் பளபளன்னு தெரியும்னு ஏத்துறா."

"இல்லக்கா. கடையில கேட்ட மாதிரிதான் பாடுறேன்."

"மூணு தடவை கேட்டே. நான் மூணு நாள் கேட்டேன்."

தபலா வாசிக்கும் குலசேகரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு தபலாவைத் தட்டிப் பார்த்தான். தங்கராஜு சொன்னார்: "ஞானா பி.எஸ்சி. படிச்ச பொண்ணு. அளந்துதான் பேசும். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருக்கும் ஐந்து கட்டை. முடிஞ்சுது."

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் புஷ்பவள்ளி. பையை எடுத்துக்கொண்டு படியில் பாதி இறங்கியவள் திரும்பினாள். "ஆனா அக்கா, கடையில கேட்டப்ப பாட்டு ஓடுற மாதிரி இருந்துச்சு. நீங்க பாடுறப்ப நடந்து போற மாதிரி இருக்கு. அதுவும் நல்லாத்தான் இருக்கு."

நடந்து போகிற மாதிரி. பஸ்ஸில் அந்தச் சொல் அவளைக் குடைந்தது. கிழவி மாதிரி என்கிறாளா? மறுநாள் காலை தேநீர் ஆற்றும்போதும் அதையே நினைத்தாள். அப்போதுதான் கை நின்றது.

ஒருத்தி சுருதியை ஏற்றலாம். வேகத்தையும் கூட்டலாம். இரண்டும் சேர்ந்து ஏறுகிறது என்றால், அது ஒருத்தியின் வேலையாக இல்லாமல் இருக்கலாம்.

அவள் தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை ஒட்டி ஓடவிட்டாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காகிதம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினாள். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று வர வேண்டும். நாற்பத்திரண்டரை வந்தது. மறுபடி எண்ணினாள். அதே நாற்பத்திரண்டரை. ஏறக்குறைய ஆறு சதவீதம் குறைவு. சுருதி அரைக்கட்டை இறங்குவதற்கும் கணக்கு அதேதான்.

ரேடியோகிராமைத் திருப்பி, பின்பலகையைக் கழற்றினாள். தட்டைச் சுழற்றும் சிறிய சக்கரத்தின் ரப்பர் தேய்ந்து பளபளப்பாக இருந்தது.

"என்ன பிள்ளை செய்யிறாய்?" என்றார் அப்பா அம்பிகைபாகன், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"மெஷின் மெதுவா ஓடுது அப்பா."

"எனக்கு அப்பிடித் தெரியேல்லையே. ரேடியோ திருத்துற யூசுப்பிட்டச் சொல்லுறன்."

அவளுக்கும் தெரிந்ததில்லை. எல்லாப் பாட்டையும் அவள் இதில்தான் கேட்டிருக்கிறாள். அவள் குரலுக்கென்றே செய்தது போலிருந்த பாட்டுகள் எல்லாம் இந்த ரப்பரில் தேய்ந்து இறங்கி வந்தவை. அன்று மாலை கதவைச் சாத்திக்கொண்டு ஐந்தரையில் பாடிப் பார்த்தாள். உச்சியை எட்ட முடிந்தது. சில முறை.

ஞாயிற்றுக்கிழமை கனகசுந்தரம் சஃபாரி உடையில் வந்து, நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். ஞானாம்பிகை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. முதலில் அவளைப் பாடச் சொன்னார்கள். ஐந்து கட்டையில், மைக்கின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு பிழையும் இல்லாமல் பாடினாள்.

"அருமை," என்றார் கனகசுந்தரம்.

அடுத்தது புஷ்பவள்ளி. அதே ஐந்து கட்டை. கீழ் ஸ்வரங்களில் அவள் குரல் இறங்கி மங்கியது, ஈரத் துணி மாதிரி. பாதியில் அவளுக்கே அது தெரிந்தது. சிரிப்பு நின்றது. கண்களை மூடினாள். கனகசுந்தரம் பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

புஷ்பவள்ளியின் மூடிய கண்களை ஞானாம்பிகை பார்த்தாள். இத்தனை நாள் பார்க்க விரும்பியது அதைத்தான். ஒரு நொடி இனித்தது. அதற்குப் பின்னால் உடனே இன்னொன்று வந்தது: ஜெயித்தது நானா, தேய்ந்த ரப்பரா? இப்படியே விட்டால் அது எப்போதும் தெரியாது. இவளைவிட நான் நன்றாகப் பாடுகிறவள் என்று தெரிய வேண்டும். இவளுக்கும் தெரிய வேண்டும். அதற்கு இவள் தன் உயரத்தில் நின்று தோற்க வேண்டும்.

"அண்ணே," என்றாள். "சுருதி தப்பு."

தங்கராஜு திரும்பினார். "எது?"

"எங்க வீட்டு மெஷின் மெதுவா ஓடுது. நேத்து எண்ணிப் பார்த்தேன். ரெக்கார்டு ஐந்தரை. ரெண்டு பேரும் ஐந்தரையில மறுபடி பாடணும்."

"அலாமாக்! நேத்துத் தெரிஞ்சதை இப்பத்தான் சொல்றியா?"

அவள் மைக்கின் அருகே போய் நின்றாள். கனகசுந்தரம் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, ஒரு சரணம் மட்டும்."

ஞானாம்பிகை பாடினாள். உச்சி ஸ்வரத்தை எட்டினாள். ஆனால் மேல்தட்டில் இருக்கும் டப்பாவை எட்டி எடுக்கக் குதிகாலைத் தூக்குகிற மாதிரி எட்டினாள். குதிகாலைத் தூக்கியது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

பிறகு புஷ்பவள்ளி பாடினாள். முதல் வரியிலேயே கண் திறந்தது. பாட்டு ஓடியது. குலசேகரம் ஓரிடத்தில் அடிக்க மறந்து, பிறகு பிடித்துக்கொண்டான். கனகசுந்தரம் பேனாவை எடுத்துத் திறந்தார்.

எல்லாம் முடிந்து படியிறங்கும்போது புஷ்பவள்ளி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க மட்டும் சொல்லலேன்னா நான் இன்னைக்குத் தோத்துப் போயிருப்பேன்லா. யாருக்கா இப்படிச் செய்வாங்க?"

"பரவாயில்லை."

"என்ன பரவாயில்லை? என் சொந்த அக்காகூடச் செய்யமாட்டா."

ஞானாம்பிகை கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். தோற்றதைவிட அந்த நன்றி கனமாக இருந்தது. அவள் செய்தது தனக்காக. அதைக்கூட இவள் எடுத்துக்கொண்டு போகிறாள்.

நீலக்கடலின் தட்டு சில மாதம் கழித்து வந்தது. அட்டையில் புஷ்பவள்ளியின் படம், கண்கள் அகலத் திறந்து. பின்பக்கம் சேர்ந்து பாடியவர்களின் பெயர்கள் சிறிய எழுத்தில். "முதல் தட்டு அக்காவுக்குத்தான்," என்று அவளே கொண்டுவந்து கொடுத்தாள். ஞானாம்பிகை அதைப் பஸ்ஸில் மடியில் வைக்கவில்லை. பைக்குள் பள்ளிப் புத்தகங்களுக்கு நடுவே செருகிக்கொண்டாள்.

அப்துல் காதரின் கடை ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு நாள் முழுவதும் ஓடியது. அந்த வாரம் அவள் பினாங் ஸ்ட்ரீட் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் தட்டை ரேடியோகிராமில் போட்டாள். கேட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிடலாம் என்றுதான் போட்டாள்.

பாட்டு ஓடவில்லை. நடந்தது. குரல் அரைக்கட்டை இறங்கி, கொஞ்சம் கனத்து, ஒவ்வொரு சொல்லிலும் சற்றுத் தங்கிப் போனது. அதில் சிரிப்பு இல்லை. கண்களைத் தாழ்த்திக்கொண்டு பாடுகிற யாரோ ஒருத்தியின் குரல். அவள் பெட்டியின் அருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லாப் பாடியிருக்கிறாய், பிள்ளை," என்றார் அப்பா வாசலிலிருந்து.

அவள் திருத்தவில்லை.

"இஞ்ச பார், யூசுப் வந்திருக்கிறான். இவ்வளவு நாளாத் தேடி இப்பத்தான் ரப்பர் கிடைச்சதாம். மாத்திவிடட்டே?"

வாசலில் யூசுப் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கருவிப்பையோடு நின்றுகொண்டிருந்தார். பாட்டு கடைசி வரிக்கு வந்துகொண்டிருந்தது.

"வேண்டாம் அப்பா," என்றாள் ஞானாம்பிகை. "இது நல்லாத்தான் ஓடுது."

ஊசியை எடுத்து மறுபடியும் ஆரம்பத்தில் வைத்தாள்.