இலை உதிராத மரத்துக்கு நேர்காணல்

என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு சம்பளத்துக்குத்தான், குணத்துக்கு இல்லை. கடையில் கத்தரிக்காயைக் கையில் எடுத்தால்கூட, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தே?" என்று கேட்கப்போகிறவர் மாதிரிதான் பார்ப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் மரம் தேர்ந்தெடுக்கக் கிளம்பினார்.

மரம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கும் என் கொழுந்தன் வீட்டுக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர். அதை ஒட்டி எங்கள் பக்கம் ஒரு வாதாம் மரம் நின்றது. பருவம் வந்தால் தட்டுத் தட்டாக இலையைக் கொட்டும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் பாதி கொழுந்தன் வாசலில்தான். ஒருநாள் அவர் அத்தனையையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்து, "உங்க சொத்து, நீங்களே அனுபவிங்கண்ணா" என்றார். இவர் அன்று சாயங்காலமே ஆள் கூட்டிவந்து மரத்தை வெட்டிச் சாய்த்தார். மூக்கில் ஈ உட்கார்ந்ததென்று மூக்கை அறுத்துக்கொள்வதற்கு எங்கள் வீட்டில் ரோஷம் என்று பெயர்.

மரம் போன பிறகுதான் தெரிந்தது, இத்தனை வருஷம் அண்ணனையும் தம்பியையும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் காப்பாற்றியது அதுதான் என்று. இவர் ஜன்னலைத் திறந்தால் அங்கே அவர் பல் தேய்க்கிறார். அவர் கதவைத் திறந்தால் இங்கே இவர் பனியனோடு நிற்கிறார். "அந்த வீட்டுப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது" என்று எனக்கு உத்தரவு. அங்கே என் ஓரகத்திக்கும் அதே உத்தரவு. சண்டை போட்டாலும் புத்தி மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

ஓரகத்தி என்று சொல்கிறேனே தவிர, எனக்கு இருக்கிற ஒரே ஆள் அவள்தான். பிள்ளைகள் வெளியூர் போன பிறகு, அவள் குரலைக் கேட்காவிட்டால் எனக்குப் பொழுதே விடியாது. இவர்கள் பேப்பருக்குள் முகத்தைப் புதைக்கிற நேரம் பார்த்து, சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், துணி உலர்த்துகிற சாக்கில் நாலு வார்த்தை பேசிக்கொள்வோம். காய்ந்த துணியை மறுபடி நனைத்து உலர்த்தியதும் உண்டு. அந்த இடத்தைத்தான் இவர் அடைக்கப் பார்த்தார்.

"வருஷம் பூரா பச்சையா இருக்கணும். ஒரு இலை உதிரக் கூடாது. தண்ணி இல்லாட்டியும் சாகக் கூடாது. அடியிலேருந்து அடர்த்தியா வளர்ந்து சீக்கிரமே அவன் மூஞ்சிய மறைக்கணும்," என்றார்.

"இவ்வளவு தகுதியோட மாப்பிள்ளையே கிடைக்க மாட்டான்," என்றேன்.

நர்சரிக்கு நானும் கூடப் போனேன். நர்சரிக்காரர் வாய்ப்பந்தல் போடுவதில் கெட்டிக்காரர். அவரையே இவர் திணறடித்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரிசையாக நின்ற செடிகளுக்கு முன்னால் நடந்து, நெட்டிலிங்கத்தின் எதிரே நின்றார்.

"இதோட பலம் என்ன?"

"நேரா, ஒசரமா, கிடுகிடுன்னு போகும் சார். சுவர் ஓரத்துக்குன்னே பொறந்தது."

"பலவீனம்?"

அவர் வியாபாரத்தில் யாரும் கேட்காத கேள்வி. "பலவீனம்னா... புயல் கியல் வந்தா சாயலாம் சார்."

"நெருக்கடியில தாங்காத ஆளு," என்று இவர் நெட்டிலிங்கத்தை நிராகரித்தார். எனக்கு உயிர் வந்தது. "சரி, இலை உதிராத மரமா ஒண்ணு காட்டுங்க."

"சார், பச்சை மாறாத மரம்னா இலையே உதிராதுன்னு அர்த்தம் இல்ல. மொத்தமா உதிர்க்காது, வருஷம் பூரா கொஞ்சம் கொஞ்சமா உதிர்க்கும்."

"எனக்கு உதிரவே கூடாது."

"இருக்கு சார். பிளாஸ்டிக்குல."

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று கடைசி வரிசைக்குப் போய், அங்கிருந்த செடிகளை அதட்ட ஆரம்பித்தார். நான் நர்சரிக்காரரிடம் குரலைத் தாழ்த்தினேன்.

"இங்க இருக்கிறதுலயே மெதுவா வளர்றது எது?"

"வேகமாவா?"

"மெதுவா. எவ்வளவு மெதுவா முடியுமோ அவ்வளவு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா இது, நேத்து இன்னொரு அம்மாவும் இதையேதான் கேட்டாங்க. குள்ளமா, கண்ணாடி போட்டுக்கிட்டு. அவங்க வீட்டுக்காரர் தன் அண்ணன் மூஞ்சிய மறைக்கணும்னு குதிக்கிறாராம்."

கள்ளி! என்னிடம்கூட மூச்சுவிடவில்லை. நான் மட்டும் விட்டேனா? எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

"அவங்களுக்கு என்ன கொடுத்தீங்க?"

"மகிழம். எந்த வெயிலுக்கும் அசையாது, எப்பவும் பச்சை. வளர்றதுல மட்டும் அதுக்கு அவசரமே கிடையாது."

இவர் திரும்பி வந்ததும் நர்சரிக்காரர் மகிழத்தை முன்னால் நிறுத்தினார். பலவீனம் என்ன என்று இவர் கேட்பதற்குள், "ஒரே பலவீனம் சார், கொஞ்சம் நிதானமான ஆளு," என்றார். இவர் முகம் மலர்ந்தது. "நிதானம் பலவீனமாய்யா? இவன்தான் நிலைச்சு நிப்பான்." வேலைக்கு எடுத்தாயிற்று.

சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை மகிழம், அந்தப் பக்கம் ஒரு வரிசை மகிழம். எல்லாமே கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. செடிக்குத் தண்ணீர் விட வேண்டுமே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலிருக்க மரம் வைத்தவர்கள், தினமும் குழாயும் கையுமாக எதிரும் புதிருமாய் நின்றார்கள். மழைக்காலம் வந்து போனது. செடி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தால் அதிகம். இவர் ஓரக்கண்ணால் தம்பி செடியைப் பார்ப்பார், அவர் ஓரக்கண்ணால் அண்ணன் செடியைப் பார்ப்பார்.

கடைசியில் என் கொழுந்தனுக்குத்தான் தாங்கவில்லை.

"அண்ணா, உங்களுது வளருதா?"

இவர் செடியைப் பார்த்தே பதில் சொன்னார். "எங்க வளருது? நட்டப்போ இருந்த ஒசரம்தான்."

"எனக்கும் அதே கதிதான். அந்த நர்சரிக்காரன் நம்ம தலையில நல்லா மொளகா அரைச்சுட்டான்."

"உனக்கும் அவன்தானா? எடுடா வண்டிய! நேர்ல போய் நாலு கேள்வி கேட்டுட்டு, வேகமா வளர்றதா வாங்கிட்டு வருவோம்."

பேசாமலிருப்பதற்கு மரம் வாங்க அண்ணனும் தம்பியும் ஒரே ஸ்கூட்டரில் ஏறினார்கள்.

"உன் மூஞ்சிய நான் பார்க்கக் கூடாது, அதான் முக்கியம்," என்றார் இவர், தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு.

"எனக்கும் அதான் வேணும். நல்லா புடிச்சுக்குங்கண்ணா, முன்னாடி பள்ளம் இருக்கு."

வண்டி தெருமுனை திரும்புகிறவரை சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் ஓரகத்தியும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். பிறகு சிரித்தோம் பாருங்கள், வயிறு வலிக்கிறவரை. சிரிப்பு அடங்கியதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு காலைச் சுவர்மேல் வைத்தாள். வைத்தவள் தயங்கினாள்.

"அக்கா, செடிய மிதிச்சுடுவேன் போலிருக்கே."

"மிதிச்சா மிதிச்சுட்டுப் போ," என்று கையை நீட்டினேன். "நீ வாடி உள்ள."